வீட்டுக்கு ஒரு பிரசர்

புனிதவதிக்குப் பிரசர் வந்து பதினொரு வருடம். வந்த நாளிலிருந்து அது அந்த வீட்டின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தது. அதற்குப் பிடிக்காததை யாரும் சமைப்பதில்லை. அதன் காதில் விழுகிற மாதிரி யாரும் உரத்துக் கதைப்பதில்லை. மகள் யாதவி சூரிச்சுக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது பிரசர் ஏறியது. யாதவி போய்விட்டாள், பிரசர் இறங்கவில்லை. பேசி வந்த மாப்பிள்ளையை அவள் வேண்டாம் என்றபோது புனிதவதி சோபாவில் சரிந்து, கண்ணை மேலே செருகி, "என்னைக் கொன்றுபோட்டு நீ நல்லா இரு பிள்ளை" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். அன்றைக்கும் அரை மணித்தியாலத்தில் எழும்பி, மிஞ்சிய வடையைச் சம்பலோடு சாப்பிட்டவள்தான்.

பிரசர் வந்த கதையைச் சொல்லவேண்டும். சுவிஸ் மலைகளுக்குள் எங்கடின் பள்ளத்தாக்கில், சீசனுக்கு நிரம்பி சீசன் முடியக் காலியாகும் ஒரு கிராமத்தில், ஹோட்டல் ஒன்றின் துணி வெளுக்கும் பகுதியில் அவளுக்கு வேலை. ஒருநாள் மேற்பார்வைக்காரியோடு வாய்த்தர்க்கம் பட்டுவிட்டு, அந்தச் சூட்டோடு மேடேறி முழங்கால் நோவுக்கு டொக்டரிடம் போனாள். அவர் கையோடு பிரசரையும் பார்த்தார். "கிறென்ஸ்வெர்ட்டிக்" என்றார். எல்லையில் நிற்கிறது, இப்போதைக்குப் பயமில்லை, உப்பைக் குறை, தினமும் நட, ஆறு மாதத்தில் திரும்பி வந்து காட்டு. இவ்வளவையும் அந்த மனிதர் ஒரு சொல்லில் அடக்கினார். புனிதவதிக்கு அந்தச் சொல்லின் முன்பாதிதான் தெரியும். கிறென்ச. எல்லை. அகதியாய் வந்த சனத்துக்கு டொச் என்கிற ஜெர்மன் மொழியில் முதலில் மனப்பாடமான சொற்களில் அதுவும் ஒன்று. ஏஜென்சிக்காரன் பின்னால் காட்டுக்குள் நடந்து அதைத் தாண்டித்தான் அவள் இந்த நாட்டுக்கே வந்தாள். தாண்டினால் தாண்டினதுதான்.

வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னாள். "இஞ்சேருங்கோ, என்ரை பிரசர் கிறென்சவைத் தாண்டிட்டுதாம்."

கனகரத்தினம் பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அப்ப இனித் திருப்பி அனுப்பமாட்டாங்கள்" என்றார்.

அந்த மனிதர் தன் ஆயுளில் விட்ட பகிடிகளை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். அதில் இது ஒன்று. இதற்காகப் புனிதவதி அவரோடு ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதோடு பகிடி விடுவதை அவர் நிறுத்திக்கொண்டார்.

ஆறு மாதத்தில் அவள் டொக்டரிடம் திரும்பிப் போகவில்லை. "அளந்து அளந்து பாத்தால்தான் ஏறும்" என்பது அவளுடைய கட்சி. மருந்துக் குளிசையைப் பற்றிக் கேட்டால், "எனக்குக் குளிசை ஒத்துவராது, நான் பத்தியத்திலைதான் பிடிச்சு வைச்சிருக்கிறன்" என்பாள். பத்தியம் என்றால் பத்தியம். குளிருக்குள் இரத்தக்குழாய் சுருங்கும், சுருங்கினால் இதயம் இரண்டு மடங்கு பாடுபடவேண்டும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். காதை மூடும் நல்ல கம்பளித் தொப்பி அவளுக்கு. வாயைச் சுற்றிக் கட்டும் சால்வை அவளுக்கு. உப்பில்லாத கறி தனிச் சட்டியில் அவளுக்கு. பின்னேரங்களில் ஆற்றோரம் நடை. பிரசரையும் மாரடைப்பையும் தடுக்க ஒரு மனுசி என்னென்ன செய்யலாமோ அத்தனையையும் அவள் ஒழுங்காகச் செய்தாள். அதில் குறை சொல்ல முடியாது. ஆள்தான் பிழை.

ஏனென்றால் அதே வீட்டில், அதே அடுப்பில், கனகரத்தினத்துக்குக் கருவாட்டுக் குழம்பும், நெத்தலிப் பொரியலும், ஊறுகாயும் போனது. "அவருக்கென்ன, கல்லுக் குண்டு" என்பாள். கல்லுக் குண்டு விடுமுறைக்காரர் வந்து தங்கும் நாலு கட்டடங்களுக்கு அப்வார்ட். படி கழுவுவது, குப்பை இழுப்பது, பல்பு மாற்றுவது எல்லாம் அந்த வேலைதான். மாரி வந்தால் விருந்தாளிகள் கண் விழிக்க முன்னம் வாசல்களில் பனி அள்ளி முடிக்கவேண்டும். சூடான கட்டிலிலிருந்து எழும்பி நேரே இருபது பாகை மைனஸுக்குள் இறங்குவார். தலையில் கொம்பனி கொடுத்த மெல்லிய தொப்பி. வாயே திறக்காத மனிதர். எங்களுடைய சனத்துக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது: பிரசர் என்பது யோசனையாலும் கோபத்தாலும் வருவது, கத்துகிறவர்களுக்கு வருவது. சத்தம் போடாதவனுக்கு எப்படி வரும்?

மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு வந்த யாதவி தாய்க்கு ஒரு பரிசு கொண்டுவந்தாள். பிரசர் பார்க்கும் மெசின். இரண்டு பக்கச் சொந்தத்திலும் முதல் பட்டம் அவளுடையது. சூரிச்சில் பிசியோதெரபி செய்கிறாள். வாயில் சீனி இல்லாத பெட்டை.

"அம்மா, கையைத் தாங்கோ."

"சாப்பிட்ட உடனை பாக்கக்கூடாது."

"நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை."

"வெறும் வயித்தோடையும் பாக்கக்கூடாது பிள்ளை."

யாதவி கையைப் பிடித்துப் பட்டியைச் சுற்றினாள். மெசின் இரைந்து, ஊதி, இறங்கியது. நூற்றி இருபத்தொன்று, கீழே எழுபத்தேழு.

"எனக்குக்கூட இவ்வளவு திறமாய் இல்லை" என்றாள் யாதவி.

புனிதவதி கையை இழுத்தாள். "இடது கையிலை என்ரை பிரசர் பிடிபடாது."

வலது கையிலும் அதேதான். "மெசினுக்குக் குளிர் பிடிச்சிருக்கு. ரெயினிலை ஜன்னல் கரையிலை வைச்சனியோ?"

கனகரத்தினம் மூக்குக்குள் சிரித்தார். அவர் சிரித்த குற்றத்துக்காகத்தான் யாதவி அவரைக் கூப்பிட்டாள். "அப்பா, நீங்கள் வாங்கோ. மெசின் பிழையோ எண்டு பாப்பம்."

நூற்றித் தொண்ணூற்றெட்டு, கீழே நூற்றிப் பதினாலு. யாதவி அவரைச் சாய்ந்து இருக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் பார்த்தாள். பிறகு தன் கையில் பார்த்தாள். அது சரியாக இருந்தது. மூன்றாம் தடவையும் அவரில் பார்த்தாள்.

"தலையிடிக்குதோ அப்பா?"

"காலமை எழும்பேக்கை பின்தலை கொஞ்சம் இடிக்கும். சினோ அள்ளத் தொடங்க மறந்துபோடும்."

"நெஞ்சு?"

அவர் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, நெஞ்சின் நடுவில் கையைப் பொத்தி வைத்துக் காட்டினார். "மேடு ஏறேக்கை இஞ்சை ஒரு பிடி. நிண்டால் விட்டிடும்."

"எவ்வளவு காலமாய்? ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"பிரசர் அம்மாவுக்குத்தானே பிள்ளை" என்றார் கனகரத்தினம்.

அதை அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாருக்கு எது என்று பிரிபட்டிருந்ததை, உள்ளபடி சொன்னார். புனிதவதிக்கோ, தன்னுடைய கூறைச்சேலையை வேறொருத்தி உடுத்திக்கொண்டு முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது.

யாதவி விடவில்லை. நத்தார் கழிந்த கையோடு தகப்பனை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தாயும் வந்தாள், கம்பளித் தொப்பியும் சால்வையுமாக. பழைய டொக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் ஓர் இளம் பெண். அவர் கனகரத்தினத்தின் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார், குளிசை எழுதினார். காலையில் ஒன்று, ஒருநாளும் தவறாமல். உப்பு இனிக் கிட்டவும் வரக்கூடாது. தலையையும் வாயையும் மூடாமல் வெளியே போகக்கூடாது. இதயத்தைக் கூர் நகரத்தில் பெரிய டொக்டர் பார்த்து முடிக்கும்வரை பனி அள்ளவே கூடாது. "குளிரும் பாரமும் ஒண்டாய்ச் சேர்ந்தால் உங்கடை நெஞ்சு தாங்காதாம் அப்பா" என்று யாதவி தமிழாக்கினாள். கூட வேலை செய்யும் போர்த்துக்கீசக்காரன் அதுவரை பனியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

புனிதவதி காத்திருந்து பார்த்தாள். தன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசியில் தானே தன் நெஞ்சைத் தொட்டு, "இஹ் ஆவுக்" என்றாள். எனக்கும். டொக்டர் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தார். பதினொரு வருடத்துக்கு முன் ஒரேயொரு தடவை சற்றுக் கூடியிருந்திருக்கிறது, பிறகு வரவில்லையே, விரும்பினால் ஒருநாள் வாருங்கள், என்று சிரித்தபடி சொன்னார்.

திரும்பி வரும் வழியில் யாதவி சொன்னாள்: "பதினொரு வருசம். அப்பாவுக்குப் போகவேண்டிய பத்தியம் முழுக்க நீங்கள் சாப்பிட்டு முடிச்சிருக்கிறீங்கள் அம்மா."

"படிச்சவ கதைக்கிறா" என்றாள் புனிதவதி. "தாயைக் கொல்லவும் உங்கை யூனிவர்சிட்டியிலை படிப்பிக்கிறாங்களோ?"

கனகரத்தினம் அவர்கள் இருவருக்கும் நடுவில், பாதையைப் பார்த்து நடந்தார்.

யாதவி சூரிச்சுக்குப் போன அடுத்த நாளே மெசின் அலமாரியில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் போனது. குளிசைப் பெட்டி புனிதவதியின் கட்டில் தலைமாட்டுக்கு வந்தது. "ஆம்பிளையளுக்கு உதுகளை ஒழுங்காய் எடுக்கத் தெரியாது" என்று தானே பொறுப்பெடுத்துக்கொண்டாள். மகள் ஒவ்வொரு நாளும் போன் அடித்து, "அப்பாவுக்குக் குளிசை குடுத்தனீங்களோ?" என்பாள். "ஓம் ஓம்." கொடுத்த நாளும் உண்டு. கொடுக்காத நாள்தான் கூட. "நேற்றுப் போட்டதுதானே, இண்டைக்கு உடம்பு ஆறட்டும்" என்பாள். வேலையில் யாருடனாவது பிரச்சினைப்பட்டு வந்த நாளில் அந்தச் சமாதானத்தையும் சொல்லாமலே விட்டுவிடுவாள். கனகரத்தினம் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குப் பிரசர் ஏறும்.

இதில் அவளைச் சுட்டது ஒன்றே ஒன்று. சூரிச்சிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் அழைக்கும் சிநேகிதி பிரபாலினி, இத்தனை காலமும் "அக்கா, உங்கடை பிரசர் எப்பிடி?" என்று தொடங்கியவள், இப்போது "ரத்தினமண்ணைக்கு எப்பிடி அக்கா?" என்று தொடங்கினாள். சுவிஸ் முழுக்கக் கேட்டது. பேர்ணிலிருந்து கேட்டது, ரெனானிலிருந்து கேட்டது. பதினொரு வருடம் உப்பில்லாமல் தின்று கட்டின பெயரை, கருவாடு தின்ற மனுசன் ஒரே நாளில் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

"அவருக்கொண்டுமில்லை. குளிர் பிடிச்ச மெசின் ஒண்டைக் கொண்டந்து காட்டி இவள் ஆளை வெருட்டிப்போட்டாள்" என்பாள் புனிதவதி.

ஒருநாள் வீடியோ அழைப்பில் பிரபாலினியின் கண்ணில் தலைமாட்டுப் பெட்டி பட்டது. "அக்கா, நீங்களும் கடைசியிலை குளிசை தொடங்கிட்டியளோ? கடவுளே."

புனிதவதி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். அன்றைக்குத்தான் பெட்டியில் ஒட்டியிருந்த, கனகரத்தினத்தின் பெயர் போட்ட துண்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

தைப்பொங்கல் கழித்து வந்த சனிக்கிழமை பிரபாலினியும் புருசன் யேசுதாசனும் காரில் வந்து இறங்கினார்கள். பனி பார்க்க. சூரிச் சனத்துக்கு எங்கடினில் ஒரு தமிழ் வீடு இருந்தால் அது கட்டணமில்லாத ஹோட்டல். இரவு முழுக்கப் பனி கொட்டியது. விடியப் பார்த்தால் கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைப் புற்று நின்றது.

புனிதவதி புட்டு அவித்து, விருந்தென்று உப்பும் உறைப்புமாய்க் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கனகரத்தினம் தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். பிறகு குழைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"அண்ணைக்கு உப்பு ஆகாதெண்டு யாதவி சொன்னவள்?" என்றாள் பிரபாலினி.

"யாதவிக்கு என்ன தெரியும்? அவர் நல்லாய்ச் சாப்பிடட்டும் பிரபா. வருத்தக்காரி நான் ஒருத்தி இந்த வீட்டுக்குக் காணும்." அறைக்குள் போய்க் குளிசைப் பெட்டியோடு வந்தாள். "இஞ்சை பாரும், கதையோடை கதையாய் என்ரை மருந்தையும் மறந்துபோனன். ஒரு மிடறு தண்ணி தாரும்."

பிரபாலினி தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். புனிதவதி குளிசையை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கோயிலில் தீர்த்தம் வாங்கினவள் மாதிரி விழுங்கினாள்.

கனகரத்தினம் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குக் குளிசை கிடைக்கவில்லை. முதல் நாளும் இல்லை, விருந்தாளிகளுக்குச் சமைக்கிற அமளியில். நாலு பேர் முன்னிலையில் "அது என்னுடையது" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அது அவரிடம் இருக்கவில்லை. தேநீரைக் குடித்தார்.

"பின்னேரம் நாலு மணிக்கு நான் ரெஸ்ரோறன்ரிலை நிக்கவேணும். காரை எப்பிடி எடுக்கிறது?" என்றான் யேசுதாசன். அவன் காலில் சூரிச் தெருவுக்குப் போடும் சப்பாத்து.

"அந்தப் போர்த்துக்கீசன் வர ஒன்பதரை ஆகும். அவன் வாசல் எடுத்தாப் பிறகு கேட்டுப் பாப்பம்" என்றார் கனகரத்தினம்.

"ஏன்?" என்றாள் புனிதவதி. "வீட்டுக்கு வந்த ஆக்கள் வெள்ளைக்காரன்ரை தயவுக்கு நிக்கிறதோ? நீங்கள் முப்பது வருசமாய் அள்ளாத சினோவோ?"

"டொக்டர் அள்ள வேண்டாமெண்டு..." என்று பிரபாலினி தொடங்கினாள்.

"டொக்டர் சொல்லுவா. அவவுக்கு யாதவியின்ரை வயசு. இவருக்குப் பிரசர் எண்டால் பிரபா, நான் எப்பவோ செத்துப் புதைச்ச இடத்திலை புல்லு முளைச்சிருக்கும்." புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "போறீங்களோ, இல்லை நான் போய் அள்ளட்டோ? எனக்குப் பிரசர் ஏறினால் ஏறட்டும்."

அவர் எழும்பினார். வாசலில் கொளுவியிருந்த கம்பளித் தொப்பியில் கை வைத்தார். கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த கொம்பனித் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பனி அள்ளும் சவளோடு இறங்கினார்.

ஜன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானி மைனஸ் பத்தொன்பது காட்டியது. புனிதவதி ஜன்னலடியில் நின்று பார்த்தாள். அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. வருத்தக்காரி உள்ளே சூட்டில் நிற்கிறாள். சுகதேகி வெளியே பனி அள்ளுகிறார். எல்லாம் அதனதன் இடத்தில். யேசுதாசன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, கீழே அவருக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் கார்க் கதவு தெரிந்தது. கனகரத்தினம் அள்ளுவதை நிறுத்தினார். காரின் கூரையில் ஒரு கையை ஊன்றினார். மற்றக் கையை நெஞ்சின் நடுவில் பொத்தி வைத்தார். பிறகு, விழுந்த எதையோ தேடுகிறவர் மாதிரி, மெதுவாகப் பனிக்குள் குனிந்து, சரிந்தார்.

"ஐயோ அக்கா, அண்ணை விழுந்திட்டார்" என்றாள் பிரபாலினி.

புனிதவதி அசையவில்லை. சரிவது எப்படி என்று அவளுக்குத் தெரியாததா? முதலில் கை, பிறகு தோள், பிறகு தலை. சோபாவில் எத்தனை தரம் சரிந்திருக்கிறாள். அதே ஒழுங்கில், ஆட்கள் பார்க்க, அவரும் சரிந்திருந்தார்.

"இப்ப இவரும் தொடங்கிட்டார்" என்றாள். ஜன்னலைத் திறந்து, கீழே பார்த்துச் சொன்னாள்: "எழும்புங்கோ. ஆக்கள் பாக்கினம்."

யேசுதாசன் அவரைப் பிரட்டினான். வாயிலும் மீசையிலும் பனி ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. அதிலேயே உயிர் முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். யாதவி சூரிச்சில் ரெயின் எடுத்து, மாறி, மலை ரெயின் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. அவள் அழவில்லை. உள்ளே போய்த் தகப்பனைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் நெற்றியில் தொப்பியின் கோடு இன்னும் கிடந்தது.

கூடத்தில் ஒரு டொக்டர் அவளோடு டொச்சில் கதைத்தார். யாதவி தாயிடம் திரும்பினாள். "அப்பா இண்டைக்குக் குளிசை போட்டவரோ எண்டு கேக்கினம்."

"போட்டவர்" என்றாள் புனிதவதி.

"நேற்று?"

"நேற்றும் போட்டவர். நான்தானே குடுக்கிறனான்."

"பனி அள்ள ஆர் விட்டது?"

புனிதவதி தனக்குத் தெரிந்த ஒரே வழியை எடுத்தாள். கதிரை வரிசையில் சரிந்தாள். முதலில் கை, பிறகு தோள், பிறகு தலை. "எனக்குப் பிரசர் ஏறுது பிள்ளை. எனக்குத் தலை சுத்துது. அவரோடை என்னையும் அனுப்புங்கோ."

தாதி ஒருத்தி ஓடிவந்தாள். ஆதரவாக முதுகைத் தடவி, கையில் பட்டியைச் சுற்றினாள். மெசின் ஊதி இறங்கியது. தாதி இலக்கத்தைப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கித் திரும்பவும் ஊதினாள். தொண்ணூற்றெட்டு, கீழே அறுபது. யாதவியிடம் ஏதோ கேட்டாள்.

"பிரசர் ஏறேல்லை" என்றாள் யாதவி. அவள் குரலில் ஒன்றுமே இல்லை. "குறைஞ்சு கிடக்கு. பிரசருக்கு ஏதும் குளிசை எடுக்கிறீங்களோ எண்டு கேக்கிறா."

புனிதவதி கண்ணைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, தெளிவாகச் சொன்னாள்:

"இல்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

பக்கத்துக் கதிரையில் காலையிலிருந்து அழுதழுது முகம் வீங்கிப் போயிருந்த பிரபாலினி மூக்கைச் சீறினாள். உதவி செய்யவேண்டும் என்ற நல்ல எண்ணத்தைத் தவிர அவள் மனதில் வேறெதுவும் இருக்கவில்லை.

"அதிர்ச்சியிலை மறந்துபோனா, பாவம்" என்றாள். "அக்கா, காலமை எனக்கு முன்னாலைதானே போட்டனீங்கள். நான்தானே தண்ணி வார்த்துத் தந்தனான்."

தாதி பட்டியைக் கழற்றினாள். யாதவி தாயின் முன்னால் குந்தி, அவள் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"எந்தக் குளிசை, அம்மா?"